முதற்பிரதி

கிரவல் குழு பதினாறு வருசமாகப் போட்ட பாட்டுகளில் பேர்போனவற்றைச் சேர்த்து, இரண்டு இறுவட்டுகளாக ஒரு தொகுப்பு வெளியிடப்போகிறது என்பது பிரதீபாவுக்கு முன்பே தெரியும். குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கும் எமில்ராஜ் போன மாதமே தொலைபேசியில் சொல்லியிருந்தான். அவள் குழுவை விட்டு விலகி ஆறு வருசமாகிறது. என்றாலும் தொகுப்பில் பாதிக்கு மேல் அவள் பாடியவை. “போடட்டும். பாடினது பாடினதுதானே,” என்று சொல்லிவிட்டு அந்தக் கதையை அவள் மறந்துபோனாள்.

இரண்டாவது இறுவட்டின் கடைசிப் பாட்டைப் பற்றி எமில்ராஜ் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும் என்றே அவன் நினைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, கரவெட்டிப் பிரதேச செயலகத்தில் அவள் வேலைக்கு வந்து கதிரையில் அமர்ந்ததும் பக்கத்து மேசைக் கோபிகா எழுந்து வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நான் பஸ்ஸுக்குள்ளையே அழுதிட்டன்.”

“ஏன், என்ன நடந்தது?”

“உங்கடை பாட்டைக் கேட்டுத்தான். உப்பிடி ஒரு மனசு எனக்கெண்டா வராது.”

தொகுப்பு ஞாயிற்றுக்கிழமைதான் வெளிவருகிறது. அதற்கு முன்னோட்டமாக ஒரு பாட்டை இணையத்தில் விட்டிருந்தார்கள். கோபிகா தன் தொலைபேசியை எடுத்து அதைப் போட்டாள். கிற்றார் தனியே மெல்லத் தொடங்கியது. பிறகு ஒரு பெண்குரல் வந்தது.

‘இருட்டுச் செய்த பிழைக்கு உன்னை ஏன் பிடிப்பேன்
என் தம்பிக்காக நீயும் அழுதாய் அண்ணா
போகட்டும், போகட்டும், நான் விட்டுவிட்டேன்.’

அது பிரதீபாவின் குரல். வரி முடிகிற இடத்தில் தொண்டையைக் கொஞ்சம் கிழித்து விடுவதும், ழகரத்தை நாக்கில் ஒரு கணம் வைத்திருந்து இறக்குவதும் அவளுக்கே உரியவை. ஆனால் அந்தப் பாட்டை அவள் ஒருநாளும் பாடியதில்லை.

முதலில் அவளுக்குப் பயம்தான் வந்தது. விபத்துக்குப் பிறகு சில கிழமைகள் குளிசை மயக்கத்தில் கிடந்தவள் அவள். அப்போது யாராவது வந்து பாட வைத்துப் பதிந்துகொண்டு போனார்களோ என்றுகூட யோசித்தாள். மூன்றாவது வரியில் அந்தக் குரல் மேலே ஏறி, மூச்சே எடுக்காமல் நின்றது. இரண்டு விலா எலும்பும் காறை எலும்பும் முறிந்த பிறகு அவளால் அந்த உயரத்துக்குப் போகவே முடியாது. அங்கே நிற்பது எப்படி? இது இருபத்தைந்து வயதில் அவளுக்கு இருந்த குரல். அதை எங்கேயோ இருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

“நிப்பாட்டு,” என்றாள்.

கோபிகா நிறுத்தினாள். அன்று மத்தியானத்துக்குள் அலுவலகத்தில் ஐந்தாறு பேர் வந்து அவளிடம் கதைத்தார்கள். எல்லாரும் ஒரே விதமாகத்தான் கதைத்தார்கள். பெரிய மனசு, பிள்ளை. எவ்வளவு காலத்துக்குத்தான் ஒருத்தரைப் பகைச்சுக்கொண்டு இருக்கிறது. கடைசியா ஏற்றுக்கொண்டீர்தானே. அந்த ‘ஏற்றுக்கொண்டீர்’ என்ற சொல்லுக்கு மேல் அவளால் அங்கே இருக்க முடியவில்லை. கோப்புகளை மூடி வைத்துவிட்டு அரைநாள் லீவு போட்டாள்.

அவள் எதை ஏற்றுக்கொண்டதாகச் சனம் நினைக்கிறது என்பது விளங்க, அந்த விபத்தைச் சொல்லவேண்டும்.

சண்டை முடிந்த அடுத்த வருசம், சுன்னாகத்தில் மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலைக்குள் கிரவல் தொடங்கியது. கிற்றாரும் பாட்டு எழுதுவதும் ஜெயரூபன். பேஸ் எமில்ராஜ். ட்றம்ஸ் பிரதீபாவின் தம்பி கஜீவன். ஆலைக்குள் அவர்கள் போட்ட சத்தத்துக்கு மேலால் பாட எந்தப் பெடியனாலும் முடியவில்லை. “என்ரை அக்காவைக் கூட்டிக்கொண்டு வாறன். அவ கத்தினா எங்கடை வீட்டில ஓடு கழரும்,” என்று கஜீவன் சொல்லித்தான் அவள் போனாள். முதலில் அயலட்டையில் பொலிசுக்கு முறைப்பாடு கொடுத்தார்கள். மூன்று வருசத்தில் ‘தார்’ என்ற பாட்டு இறங்கியபோது அதே அயலட்டைப் பிள்ளைகள் அதை முச்சக்கரவண்டிகளில் அலறவிட்டார்கள். பிறகு ‘மின்வெட்டு’, ‘இரும்புக் கதவு’. மட்டக்களப்பு, ஹற்றன், பாரிஸ் என்று மேடைகள். கிரவல் என்றால் உடைக்கிற ட்றம்ஸ், அதற்கு மேலே உரசிக்கொண்டு வருகிற பிரதீபாவின் குரல்.

கோவிட்டுக்கு முந்திய வருசம், வவுனியாவில் நிகழ்ச்சி முடித்து விடியப்புறம் திரும்பினார்கள். வானை ஓட்டியது ஜெயரூபன். பக்கத்தில் கஜீவன். பின் இருக்கையில் பிரதீபா. அதற்கும் பின்னால் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் எமில்ராஜ் நித்திரை. முறிகண்டி தாண்டியதும் ஜெயரூபனின் தலை ஒருமுறை விழுந்து நிமிர்ந்ததைப் பிரதீபா கண்டாள். “அண்ணை, ஓரமா நிப்பாட்டுங்கோ. கொஞ்சம் படுத்திட்டுப் போவம்,” என்றாள். “வீட்டை போய்ப் படுக்கலாம்,” என்றார் அவர். பரந்தனுக்கு அப்பால் தலை இன்னொரு தரம் விழுந்தது. இந்த முறை நிமிரவில்லை. அவள் கத்துவதற்குள் வான் வீதியை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. கஜீவன் இருந்த பக்கம்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு வந்தபோது தம்பியைச் சுடலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என்ன நடந்தது என்பதும் முடிவாகியிருந்தது. மாடு குறுக்கே வந்தது, ஜெயரூபன் வெட்டினார், வான் மரத்தில் அடித்தது. அந்த வீதியில் மாடு குறுக்கே வருவது புதினமில்லை. ஆகவே எல்லாருக்கும் அது நம்ப இலகுவாக இருந்தது. “மாடு வரேல்லை. அவர் நித்திரை கொண்டவர்,” என்று அவள் வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ்காரரிடம் சொன்னாள். அவர் அவளுடைய தலைக்கட்டைப் பார்த்தார். “தங்கச்சிக்குத் தலையில அடி. ஆறுதலாக் கதைப்பம்,” என்று எழுந்துபோனார். திரும்பி வரவில்லை. அவள் தன் தாய் சிவகௌரியிடமும் சொன்னாள். தாய் அவளுடைய தலையைத் தடவி, “ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை,” என்றாள். காய்ச்சல்காரப் பிள்ளைக்குச் சொல்லுகிற ஓம் அது.

சில மாதங்களில் ஜெயரூபன் ஒரு பாட்டை எழுதிக்கொண்டு வந்தார். தமக்கை பாடுவதுபோல எழுதியிருந்தார். “இதை நீர் பாடினால் எங்கள் எல்லாருக்கும் மனசு ஆறும்,” என்றார். அவள் முதல் வரியைப் படித்தாள். “வான் ஓடினது இருட்டோ அண்ணை?” என்று கேட்டாள். தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் குழுவை விட்டாள்.

இன்று அந்தப் பாட்டை அவளுடைய குரலே பாடுகிறது. ஆறு வருசமாக ஒருவரும் நம்பாத அந்தச் சொல்லை அவளே திருப்பி எடுத்துக்கொண்டுவிட்டதாக ஊர் சந்தோசப்படுகிறது.

வீட்டுக்கு வந்தபோது சிவகௌரி முன்கூடத்தில் தொலைபேசியைக் காதருகே வைத்துக்கொண்டு அதே பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு. அப்படி ஒரு தெளிவைப் பிரதீபா கண்டு கனகாலம்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் போய்ப் பாடியிருக்கிறாய்,” என்றாள் தாய். “ரூபன் தம்பி காலமை போன் எடுத்தவர். ஞாயிற்றுக்கிழமை முதற்பிரதியை நான்தான் வாங்கவேணுமாம். கஜீவன்ரை தாய் எண்டு.”

“அம்மா, அதை நான் பாடேல்லை.”

“உன்ரை குரல் எனக்குத் தெரியாதோ?”

“குரல் என்ரை. பாடினது நானில்லை. கொம்பியூட்டரில செய்யினம் இப்ப. பழைய பாட்டுகளைக் குடுத்தா அந்தக் குரலை எடுத்து என்னத்தையும் பாடவைக்கும்.”

சிவகௌரிக்கு அது விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் அவள் தொலைபேசியை மடியில் வைத்தாள்.

“சரி. மெசின்தான் பாடினதெண்டு வை,” என்றாள் பிறகு. “மெசின் பாடினதில என்ன பிழை? நீ பாடியிருக்கவேண்டியதைத்தானே பாடியிருக்கு.”

“என்ன சொல்லுறியள்?”

“நான் களைச்சுப்போனன் பிள்ளை. ஒரு மாட்டுக்காக எத்தினை வருசம் அந்தப் பெடியனை நெருப்பாப் பாக்கிறது? அவன் திவசத்துக்குத் தவறாமல் வாறவன். நீ முகம் குடுக்கிறேல்லை. உன்னாலை நானும் அவனோடை ரெண்டு சொல்லு நிம்மதியாக் கதைக்கேலாமல் கிடக்கு.”

பிரதீபாவுக்கு அடித்துச் சொல்ல வேண்டும், தாயின் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. “மாடு வரேல்லை,” என்றாள். சத்தம் அவள் நினைத்ததைவிடக் கூடுதலாக வந்தது. “ஆறு வருசமாச் சொல்லுறன். நான் உங்கடை பிள்ளையோ, அவர் உங்கடை பிள்ளையோ?”

“மெல்லக் கதை. அயலில ஆக்கள்.”

“கேக்கட்டும். அந்தப் பாட்டு கேக்குதுதானே எல்லாருக்கும்.”

அவள் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு எமில்ராஜை அழைத்தாள். மறுமுனையில் அவன் முதலில் சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றது.

“அக்கா, நீங்கள் கொழும்பில ஒரு ஸ்ரூடியோவுக்குப் போய்ப் பாடிக் குடுத்ததெண்டுதானே ரூபண்ணை எங்களுக்குச் சொன்னவர். அதை நம்பித்தானே நான் பேஸ் அடிச்சனான்.”

“நான் கொழும்புக்குப் போய் ரெண்டு வருசம்.”

“நாளைக்குக் காலமை வாறன். ரெண்டு பேருமாப் போய்க் கேப்பம்.”

எமில்ராஜ் கஜீவனோடு ஒரே வகுப்பில் படித்தவன். வீடு பருத்தித்துறைப் பக்கம். அடுத்தநாள் அவனுடைய மோட்டார் சைக்கிளில் இருவரும் சுன்னாகம் போனார்கள்.

ஜெயரூபனின் வீட்டு மேல்மாடியில்தான் ஒலிப்பதிவு அறை. கதவைத் திறந்ததும் உள்ளே குளிரூட்டியின் குளிரும் புதுப் பிளாஸ்ரிக் மணமும் வந்தன. சுவரோரம் தொகுப்பின் பெட்டிகள் அடுக்கியிருந்தன. கறுப்பு அட்டையில் ‘கிரவல் – பதினாறு வருசம்’ என்று செதுக்கினது மாதிரி எழுத்து. கிரவலின் இப்போதைய பாடகி ஆரபி, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, ஒரு மூலையில் நின்று ‘தார்’ பாட்டைப் பழகிக்கொண்டிருந்தாள். பிரதீபாவைக் கண்டதும் பாட்டை விட்டு ஒதுங்கி நின்றாள்.

ஜெயரூபன் எழுந்தார். தாடி நரைத்திருந்தது. “வாரும் தீபா. இரும். தேத்தண்ணி போடச் சொல்லுறன்,” என்றார், நேற்றுத்தான் பிரிந்தவர்போல.

“அந்தப் பாட்டை ஆர் பாடினது?”

“நீர்தான்.”

“எப்ப பாடினனான்?”

அவர் எமில்ராஜைப் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்துகொண்டார். “பத்து வருசமாப் பாடினீர். அது எல்லாத்தையும் குடுத்து, ரொறன்ரோவில சிவதர்ஷன் செய்து தந்தவர். இந்தத் தொகுப்புக்குக் காசு போடுறதே அவர்தான். வேற ஆற்றையும் குரலைப் போடேல்லையே. உம்மடை குரல்தான்.”

“கொழும்பில பாடினவ எண்டு எங்களுக்குச் சொன்னீங்கள்,” என்றான் எமில்ராஜ்.

“உள்ளதைச் சொன்னா நீ வாசிச்சிருப்பியோ?”

மூலையில் நின்ற ஆரபி வாயைத் திறந்தாள். “அண்ணை, அப்ப நாளைக்கு என்ரை குரலையும் அப்பிடிச் செய்யலாமோ?”

“பிள்ளை, உதுக்குள்ளை நீர் வராதையும்,” என்றார் ஜெயரூபன், திரும்பிப் பாராமல். பிறகு பிரதீபாவிடம் குரலைத் தாழ்த்தினார். “தீபா, இது எங்கடை முழுக் காலமும் அடங்கின சாமான். கஜீவனை விட்டுட்டு எப்பிடி இதை முடிக்கிறது சொல்லும். கடைசிப் பாட்டு அவனுக்கெண்டுதான் வைச்சனான். சனம் அழுகிது. லட்சக்கணக்கில கேட்டிருக்கினம். ‘தார்’ கூட முதல் கிழமை உவ்வளவு போகேல்லை.”

“சனம் என்ரை தம்பிக்கு அழேல்லை. நான் உங்களை மன்னிச்சிட்டன் எண்டு அழுகினம்.”

“என்னத்துக்கு மன்னிப்பு? நான் என்ன செய்தனான்? மாடு—”

“மாடு என்ன நிறம் அண்ணை?”

அவர் நிறுத்தினார்.

“சொல்லுங்கோ. ஆறு வருசமாச் சொல்லுற மாடு. கறுப்போ, வெள்ளையோ? எந்தப் பக்கத்தால வந்தது? கண்டவர் நீங்கள் ஒராள்தானே.”

ஜெயரூபன் எழுந்து போய்க் குளிரூட்டியை நிறுத்தினார். திரும்பி வந்து நின்றார். அவருடைய முகம் கறுத்திருந்தது. “அண்டைக்கு நாலு நாளா நித்திரையில்லை எனக்கு,” என்றார். “சாமான் ஏத்தினது நான். இறக்கினது நான். காசுக்காரனோடை மல்லுக்கட்டினது நான். கடைசியில வானை ஓடினதும் நான். நீங்கள் எல்லாரும் பின்னாலை குறட்டை. ஒரு கணம் கண் அயந்தது. ஒரு கணம். ஆருக்கு அயராது?”

அதை அவர் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்லுகிறார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது.

எமில்ராஜ்தான் முதலில் கதைத்தான். அவன் குரல் உடைந்திருந்தது. “அவன்ரை பெட்டியை நானும் நீங்களும்தான் முன்னுக்குப் பிடிச்சனாங்கள். அப்ப என்ரை காதுக்குள்ளை சொன்னீங்கள், ‘அந்த மாட்டை நான் நேரத்தோடை காணேல்லையடா’ எண்டு. நான் உங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதனான்.”

“எமில், நான்—”

“ஆறு வருசம் உங்களுக்குப் பக்கத்தில நிண்டு வாசிச்சிருக்கிறன்.”

“சரி, இப்ப என்ன செய்யவேணும்?” ஜெயரூபனின் குரல் எழுந்தது. “பாட்டை எடுக்கவோ? எடுக்கிறன். ஞாயிற்றுக்கிழமை விழா முடியட்டும். நோட்டீசும் அடிச்சாச்சு. அம்மாவும் வாறன் எண்டிட்டா.”

“பாட்டை எடுக்கிறது ஒண்டு. நீங்கள் சொல்லவேணும்,” என்றாள் பிரதீபா. “இப்ப சொன்னதை அம்மாவுக்குச் சொல்லுங்கோ. சனத்துக்குச் சொல்லுங்கோ. பாட்டில இல்லை. வாயால.”

“என்ரை பிள்ளையள் பள்ளிக்கூடம் போகுதுகள் தீபா.”

“கஜீவனுக்குப் பிள்ளையள் இல்லை.”

அவள் சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளில் கையை வைத்தாள். அப்படிச் செய்ய அவள் நினைத்து வரவில்லை. முழங்கையால் ஒரே தள்ளு. அடுக்கு சரிந்து, உறைகள் நிலத்தில் அடிபட்டு உடைந்து சிதறின. ஆரபி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஜெயரூபன் குனிந்து பொறுக்கத் தொடங்கினார். அவர் பொறுக்கிக்கொண்டிருக்க, பிரதீபா வெளியே வந்து படியிறங்கினாள். ஆத்திரத்தில் அவளுடைய முறிந்து பொருந்திய காறை எலும்பு வலித்தது.

கரவெட்டிக்குத் திரும்பியதும் எமில்ராஜ் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்தான். சிவகௌரி குசினியில் இருந்தாள். அவன் குசினி வாசலிலேயே நின்று சொன்னான்.

“அம்மா, ரூபண்ணை அண்டைக்கு நித்திரை கொண்டவராம். என்ரை காதால கேட்டனான். அவர்தான் சொன்னவர். மாடு ஒண்டும் வரேல்லை.”

சிவகௌரி அவனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்க்கவில்லை. அடுப்பைத் தணித்தாள். கையைச் சீலைத் தலைப்பில் துடைத்தாள்.

“கஜீவன்ரை முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டிக்கு வந்து பந்தி பரிமாறினவன்,” என்றாள். “சோறு போதுமோ எண்டு ஒவ்வொரு இலையாக் கேட்டுக் கேட்டுப் பரிமாறினவன்.”

வேறொன்றும் சொல்லவில்லை. எமில்ராஜ் போன பிறகும் சொல்லவில்லை. அடுத்த மூன்று நாளும் அந்த வீட்டில் இரண்டு பேரும் சமைத்ததும் சாப்பிட்டதும் தவிர வேறு கதையில்லை. பிரதீபாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. தன்னுடைய வாயால் ஆறு வருசம் சொன்னதை நம்பாத தாய், எமில்ராஜ் ஒருமுறை சொன்னதும் நம்பிவிட்டாள். நம்பியதாகவாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சிவகௌரி நீலக்கரைச் சேலை உடுத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

“எங்கை போறியள்?”

“கூப்பிட்டவையெல்லே. போகவேணும்.”

“எல்லாம் தெரிஞ்ச பிறகும் போய் அவற்றை கையால வாங்கப்போறியளோ?”

“ஓட்டோ வந்திட்டுது. வாறதெண்டா வா.”

பிரதீபா போனாள். தாயை மேடையில் இருந்து இழுத்துக்கொண்டு வரவேண்டி வந்தாலும் வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். உடுத்திருந்த உடுப்போடு போனாள்.

மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட ஒரு கலியாண மண்டபம். உள்ளே இடமில்லாமல் வாசல்வரை பெடியளும் பெட்டைகளும் கறுப்புச் சேட்டோடு நின்றார்கள். மேடையில் ஆளுயர ஸ்பீக்கர்கள், புகை விடுகிற மெசின், நடுவில் குத்துவிளக்கு. எந்தக் குழுவானாலும் மங்கல விளக்கேற்றாமல் யாழ்ப்பாணத்தில் ஒன்றையும் வெளியிட முடியாது. விளக்கேற்றினார்கள். கஜீவனுக்காக அகவணக்கம் செலுத்தினார்கள். பின்திரையில் அவன் ட்றம்ஸ் தடியைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற படம் வந்தது. சனம் கைதட்டியது. எமில்ராஜ் மேடையில் இல்லை. அவனுடைய இடத்தில் வேறொரு பெடியன் பேஸோடு நின்றான். எமில்ராஜ் பிரதீபாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

முதற்பிரதியைப் பெற்றுக்கொள்ளத் திருமதி சிவகௌரி அவர்களை அழைத்தார்கள். அவள் மெல்லப் படியேறினாள். ஜெயரூபன் வெள்ளித்தாள் சுற்றிய பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். படம் பிடிக்கிறவர்கள் முன்னால் குனிந்தார்கள். பின்னணியில் அந்தப் பாட்டு மெல்ல ஆரம்பமானது.

சிவகௌரி கையை நீட்டவில்லை.

“தம்பி, அண்டைக்கு மாடு வந்ததோ?” என்று கேட்டாள்.

அருகில் நிகழ்ச்சி நடத்துபவர் பிடித்திருந்த மைக்கில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

“அம்மா, கீழ வந்து கதைப்பம். இது அதுக்கான இடமில்லை.”

“வேற எது இடம்? என்ரை வீட்டுக்கு எத்தினை தரம் வந்தனீர். என்ரை கையால சோறு திண்டனீர். அங்கை சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. இஞ்சை சொல்லும். மாடு வந்ததோ, நீர் நித்திரை கொண்டனீரோ?”

யாரோ மைக்கை நிறுத்தினார்கள். அவளுடைய வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஓரமாக நின்ற ஆரபி தன்னுடைய மைக்கைக் கழற்றிக்கொண்டு வந்து அவளுடைய கையில் வைத்தாள். அது வேலை செய்தது.

“இந்தப் பாட்டை என்ரை மகள் பாடேல்லை,” என்றாள் சிவகௌரி சனத்தைப் பார்த்து. அவள் மேடையில் நின்று கதைத்துப் பழக்கமில்லாதவள். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “அவ மன்னிக்கேல்லை. என்னட்டை ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கவும் இல்லை. ஆறு வருசமா என்ரை பிள்ளை சொன்னதை நான் பைத்தியக் கதை எண்டு விட்டிட்டன். இவர் உண்மையைச் சொல்லட்டும், பிறகு வாங்கிறன்.”

ஜெயரூபன் பெட்டியை நீட்டியபடியே நின்றார். அவருடைய மனைவி முன்வரிசையில் இரண்டு பிள்ளைகளோடு இருந்தாள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு பெட்டியை விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மேடையின் பின்வழியால் இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு மண்டபம் இரண்டாகப் பிரிந்துபோனது. கூவினவர்களும் உண்டு, “அம்மாவைக் கதைக்க விடுங்கோடா,” என்றவர்களும் உண்டு. பின்வரிசையில் கதிரை பறந்தது. காசு கொடுத்து வந்தவர்கள் பாட்டுக் கேட்டார்கள். எமில்ராஜும் பிரதீபாவும் நடுவால் இடித்துக்கொண்டு போய்ச் சிவகௌரியை இறக்கிக்கொண்டு வந்தார்கள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தவேண்டியவன் மறந்துபோனான் போலும்.

அடுத்த கிழமை முகநூல் முழுக்க அதுதான். பதினாறு வருசக் குழுவை இரண்டு பெண்கள் நாசமாக்கிவிட்டார்கள் என்று எழுதினவர்கள்தான் கூடுதல். சிலர் அவளுக்காகவும் எழுதினார்கள். ரொறன்ரோவில் சிவதர்ஷன் வழக்குக்குப் பயந்து அந்தப் பாட்டை இணையத்தில் இருந்து எடுத்துவிட்டார். இறுவட்டில் போனது போனதுதான். அன்று மண்டபத்தில் விற்றவை எந்தெந்த வீட்டிலோ இருக்கின்றன. எங்கேயோ இப்போதும் அவளுடைய குரல் விட்டுவிட்டேன், விட்டுவிட்டேன் என்று பாடிக்கொண்டிருக்கும். ஆரபியும் குழுவை விட்டாள். ஜெயரூபன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவருடைய வீட்டுக் கதவு பூட்டிக்கிடப்பதாகவும், குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார் என்றும் எமில்ராஜ் சொன்னான். அதைக் கேட்டபோது பிரதீபாவுக்குக் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எறிய வேண்டும்போல வந்தது. அவர் சொல்லாமலே தப்பிவிட்டார். தன் ஆத்திரம் ஆறவில்லை, ஆறப்போவதும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, சிவகௌரி தட்டுகளைக் கழுவாமல் வந்து அவளுக்கு முன்னால் நிலத்தில் அமர்ந்தாள்.

“நான் உன்னை நம்பேல்லை,” என்றாள்.

“தெரியும்.”

“மாடெண்டா ஒருத்தரிலும் பிழையில்லை. அப்பிடி இருந்தா எனக்குச் சுகமா இருந்தது. அதுதான்.”

பரவாயில்லை அம்மா என்று சொல்லச் சொல்லி நாக்கு துடித்தது. அவள் சொல்லவில்லை. அது பொய்யாக இருக்கும்.

“கோவம் போகட்டும் எண்டு நான் கேக்கேல்லை,” என்றாள் தாய். “எனக்கும் இப்ப இருக்கு. நெஞ்சுக்குள்ளை கொள்ளி வைச்சமாதிரி. நீ உதை எப்பிடி உவ்வளவு காலமும் தனியக் காவினனீ எண்டு எனக்கு விளங்கேல்லை.” சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அண்டைக்கு என்ன நடந்தது? நீ சொல்லத் தொடங்கேக்கை எல்லாம் நான் மறிச்சனான். இப்ப மறிக்க மாட்டன். முழுக்கச் சொல்லு.”

பிரதீபா தாயைப் பார்த்தாள். எங்கே தொடங்குவது என்று அவளுக்கு முதலில் தெரியவில்லை. யாராலும் நடுவில் நிறுத்தப்படாமல் அவள் அதைச் சொன்னதே இல்லை.

“வவுனியாவில நிகழ்ச்சி முடிய நல்லாச் சுணங்கிட்டுது,” என்று தொடங்கினாள். “கஜீவன் முன்சீற்றில ஏறினவன். நான்தான் முன்னுக்கு இருக்கிறதெண்டு கேட்டனான். அவன் விடேல்லை.”

சிவகௌரி மறிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.